அவர் படங்களில் வருகிற பெண்

கேட்டைச் சாத்தினீங்களா? கொண்டி விழுந்த சத்தம் கேக்கலையே. இருங்க, நானே பாத்துட்டு வரேன்.

ம். விழுந்திருக்கு. உள்ள வாங்க.

தேன்மொழி போன் பண்ணிச் சொன்னா. என் பொண்ணு, பெங்களூர்ல இருக்கா. "அம்மா, அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பொண்ணை அனுப்பறாரு, அடுத்த படத்துக்கு அதுதான் கதாநாயகி, சாப்பாடு போட்டு அனுப்பு"ன்னா. நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணி இன்னும் தையல் காயல, அதுக்குள்ள கதாநாயகி. உங்களைச் சொல்லல. உங்களை நான் சந்தேகப்படவும் இல்ல. உங்களுக்கு வயசு பத்தாது. நான் தேடறவளுக்கு இப்ப என் வயசு இருக்கும்.

அந்த சோபா வேண்டாம். இங்க அடுப்படியில ஸ்டூல் இருக்கு. எல்லாரும் இங்கதான் உக்காந்தாங்க, நீங்களும் உக்காருங்க.

டைரக்டர் குணசீலன் படத்துல நடிக்கறவ ஷூட்டிங்குக்கு முந்தி ஒரு நாள் இந்த வீட்டுல வந்து சாப்பிடணும். அது அவரோட வழக்கம். மத்தவங்க பூஜை போடுவாங்க, பூசணிக்காய் உடைப்பாங்க. இவருக்கு இது. முன்னாடியெல்லாம் அவரே கூட்டிட்டு வருவாரு. "செண்பகம், இது ஹேமகலா. சாப்பாடு போடு." அவ்வளவுதான். போய் முன்னறையில பேப்பரை விரிச்சு வச்சுக்குவாரு. பக்கம் திருப்பற சத்தமே வராது. பேப்பர் படிக்கறவரு பக்கத்தைத் திருப்ப மாட்டாரா? இதையெல்லாம் நான் கவனிக்காமலா இருந்தேன்?

இந்தப் பொண்ணுங்களும் அவர்கூடப் பேச மாட்டாங்க. ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு என்னையே பாப்பாங்க. முதல்ல எனக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுபோச்சு. மனசுல குத்தம் இருக்கறவ பொண்டாட்டியைத்தான் பாப்பா. எடை போடறா.

ஹேமகலா என் கையையே பாத்தா. வளையலைப் பாக்கறான்னு நினைச்சேன். சினிமாக்காரி, யாரை நம்பறது? அவ கண்ணு முன்னாலயே கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். பொறவு 'மூணாவது விசில்' படம் வந்துச்சு. அதுல அந்தப் பொம்பளை, வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் வளையலைக் கழட்டி முந்தானையில முடியறா. தியேட்டரே சிரிக்குது. வளையலைத் திருட முடியல, நான் கழட்டினதைத் திருடிட்டா. கைகாரி. போகட்டும், சின்னத் திருட்டுன்னு விட்டுட்டேன்.

சாப்பிடுங்க. டயட்டுன்னு சொல்லாதீங்க. ரசம் ஊத்தட்டுமா? வெண்டைக்காய் காலையில வாங்கினது. கடைக்காரன் கொடுத்ததுல பாதியைத் திருப்பிக் குடுத்துட்டேன், நுனியை ஒடிச்சுப் பாக்காம நான் வாங்கறதில்ல. அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

நான் கோவில்பட்டியிலேர்ந்து கல்யாணம் ஆகி வந்தப்ப அவரு உதவி டைரக்டர். கிளாப் அடிக்கணும், கதாநாயகனுக்குக் குடை பிடிக்கணும், தயாரிப்பாளர் வீட்டு நாய்க்கு மருந்து வாங்கணும். கோடம்பாக்கத்துல ஒரு மாடிப் போர்ஷன்ல இருந்தோம். சொந்தமா எடுத்த முதல் படம் 'புயலுக்குப் பேர் பொன்னி'. சண்டை, பாம்பு, ரெண்டு கிணறு. மூணாம் நாள் தூக்கிட்டாங்க. அப்புறம் கொஞ்ச வருஷம் சும்மா இருந்தாரு. வீட்டுலயே இருந்தாரு. அந்த நேரத்துலதான் அவ எங்கயோ கிடைச்சிருக்கா. எப்படின்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. ஏன்னா வெளியவே போகலையே மனுஷன்.

அடுத்தது 'கொடிக்கயிறு'. படத்தைப் பாத்துட்டு மதுரை விநியோகஸ்தர் ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டாரு. "ஏன் சார், உங்க படத்துல அந்தம்மா துணி காயப் போடறா. எடுக்கறா. மறுபடி காயப் போடறா. கிளைமாக்ஸ்ல மழை வருது. இதை நான் மேலூர்ல எப்படி ஓட்டறது?" அவருக்குக் காபி குடுத்துட்டு, எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணாச்சின்னேன். ஆனா ஓடுச்சு. மேட்னிக்குப் பொம்பளைங்க கூட்டம். விருது குடுத்தாங்க. வெளிநாட்டுக்குப் போச்சு.

அடுப்படிக் காவியம்னு ஒரு பேப்பர்ல எழுதினாங்க. அடுப்படிக்குள்ள அவரு கால் வச்சதே கிடையாது, தெரியுமா? இதோ, இந்த வாசல் நிலை வரைக்கும் வருவாரு. சாஞ்சு நிப்பாரு. "என்ன வேணும்"னா "ஒண்ணுமில்ல"ம்பாரு. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மனுஷன் ஏன் நிக்கணும்? என்னை வேவு பாக்கறாருன்னு தெரியும். நான் யாருக்காவது போன் பேசறேனா, அவரைப் பத்தி விசாரிக்கறேனான்னு.

நேரா வர்ற எதையும் நம்ப மாட்டாரு. அவரு படம் எடுக்கற தினுசைக் கேட்டுப் பாருங்க. முகம் வேண்டாம். கை வேணும், முதுகு வேணும், குதிகால் வேணும். ஹேமகலாவே என்கிட்ட வந்து அழுதா. "அம்மா, மூணு மணி நேரம் மேக்கப் போட்டேன், சார் என் முதுகை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு"ன்னு. கட் சொல்ல மாட்டாரு. நடிச்சு முடிச்சிடுவாங்க, கேமரா ஓடிக்கிட்டே இருக்கும். அப்பாடான்னு ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, புடவையைச் சரி பண்ணுவாங்க, அதைத்தான் படத்துல வைப்பாரு. நடிச்சதை வெட்டிப் போட்டுடுவாரு. ஒருத்தர் தெரிஞ்சு செய்யறதெல்லாம் அவருக்குப் பொய். தெரியாம செய்யறதுதான் நிஜம். அவ்வளவு சந்தேகப் புத்தி. வீட்டுல ஒருத்தருக்கு அப்படிப் புத்தி இருந்தா கூட இருக்கறவங்க பாடு என்னன்னு நினைச்சுப் பாருங்க.

என்ன பாக்கறீங்க? இந்தத் தட்டா? கழுவினதுதான். இன்னொரு தரம் கழுவறேன். மனசு சரியில்லைன்னா கை சும்மா இருக்காது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க எல்லாப் படத்தையும் பாத்திருப்பீங்க. ஊரு மாறும், பேரு மாறும், நடிக்கறவ மாறுவா. பொம்பளை ஒரே பொம்பளை. இது எனக்கு மூணாவது படத்துலயே தெரிஞ்சுபோச்சு. புருஷன் சட்டையைத் துவைக்கப் போடறதுக்கு முந்தி பையை வெளியே இழுத்து மோந்து பாப்பா. நானும்தான் இழுத்துப் பாப்பேன், எந்த வீட்டுலயும் பாப்பாங்க, பேனா கசிஞ்சிருந்தா? அவ பாக்கறது வேற எண்ணத்துல. யாராவது வீட்டை விட்டுப் போனா கதவைச் சாத்திட்டு, காலடிச் சத்தம் தெருமுனை தாண்டற வரைக்கும் கதவுல காதை வச்சுக்கிட்டு நிப்பா. ஒரு கேள்வி கேப்பா, எதிர்ல இருக்கறவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே பதிலையும் சொல்லிடுவா. கழுவின தட்டைக் கழுவுவா.

எனக்கு அவளைப் பிடிக்கல. அவரு கட்டிக்கிட்டதாலயோ வச்சுக்கிட்டதாலயோ இல்ல. பொதுவாவே சொல்றேன். ஒரு பொம்பளைக்கு அவ்வளவு சந்தேகம் ஆகாது. அவளைக் கட்டினவன் பாவம்.

தேடாம இருப்பேனா? தயாரிப்பாளர் ஆபீஸ்ல டைப் அடிக்கற ஒருத்தி இருந்தா. அவளை விசாரிச்சேன், தண்ணி பட்டாலே கை வெடிச்சுப் புண்ணாயிடுமாம் அவளுக்கு, தட்டுக் கழுவ முடியாது. மாடி வீட்டு டீச்சர் ஒருத்தி. நாங்க கோடம்பாக்கத்துல இருந்தப்ப எதிர் மாடி. அவ வீட்டுக்கே போனேன். சாப்பிட்டேன். தட்டை ஒரு தரம்தான் கழுவினா. அவ இல்ல.

அப்புறம் அந்த விழா. ஆறு வருஷம் ஆச்சு. பெரிய மண்டபம், வாழ்நாள் சாதனைன்னு ஒரு விருது. முதல் வரிசையில நான் பட்டுப் புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். மேடையில ஒருத்தன் கேக்கறான்: "சார், உங்க படங்கள்ல வர்ற அந்தப் பெண் யாரு? எங்களுக்குச் சொல்லலாமே!" இவரு மைக்கை வாங்கி என்ன சொன்னாரு தெரியுமா? "ஒருத்தங்க இருக்காங்க. அவங்களைத்தான் எடுக்கறேன்னு அவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க, நான் வேற தொழில் பாக்கணும்."

கை தட்டறாங்க. எழுந்து நின்னு தட்டறாங்க. கட்டின பொண்டாட்டி முதல் வரிசையில இருக்கா, புருஷன் மைக்கைப் பிடிச்சு ஒருத்தி இருக்கான்னு சொல்றாரு, ஊரே கை தட்டுது. பக்கத்துல இருந்த அம்மா ஒருத்தி என் கையைப் பிடிச்சு "குடுத்து வச்சவங்க நீங்க"ங்கறா. கிண்டல்!

வீட்டுக்கு வந்து "அவ பேர் என்ன"ன்னேன். சிரிச்சாரு. திட்டியிருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். சிரிச்சாரு. பெட்டியை எடுத்து வாசல்ல வச்சேன். பேரோட வந்தா உள்ள வாங்க, இல்லைன்னா வேண்டாம்னேன். அன்னிலேர்ந்து சாலிகிராமத்துல ஆபீஸ் ரூம்லயே இருந்தாரு. ஓட்டல் சாப்பாடு. சட்டையை யார் துவைச்சாங்களோ.

இப்ப இந்த ஆபரேஷன். திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்களாம். தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தேன்மொழி கேக்கறா, "அம்மா, நீ வச்சுக்கறியா, நான் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? இன்னிக்குள்ள சொல்லு." அவரு இந்த வீட்டுக்குத்தான் வரணும்ங்கறாராம். வரட்டுமே. நான் கேட்டது ஒண்ணுதான். நகை கேட்டேனா, நிலம் கேட்டேனா? ஒரு பேர். பெங்களூர் போனா இனி இந்தப் பக்கம் வர மாட்டாரு, அந்த உடம்பு தாங்காது. அது எனக்கும் தெரியும்.

அதனாலதான் உங்களுக்கு அப்பளம் பொரிச்சுக்கிட்டு நிக்கறேன். உங்ககிட்ட அவரு பேசுவாரு. அந்தப் பொம்பளையா நடிக்கப் போறவகிட்ட அவளைப் பத்திச் சொல்லித்தானே ஆகணும்? என்ன சொன்னாரு?

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வா"ன்னாரா? வேற?

வேற ஒண்ணும் சொல்லலையா. அழுத்தக்காரரு. நம்பிக்கையான ஆளைத்தான் அனுப்பியிருக்காரு.

இல்லாத ஒருத்தியைக் கற்பனை பண்ணி எடுத்திருப்பாருன்னு நினைக்கறீங்களா? நானும் நினைச்சதுண்டு. 'ஐப்பசிக் காய்ச்சல்' பாத்தப்புறம் அந்த நினைப்புப் போயிடுச்சு. அதைக் கற்பனையில எடுக்க முடியாது. அதுக்கு ஒருத்தி இருந்திருக்கணும்.

தேன்மொழிக்கு முந்தி எனக்கு ஒரு பையன். ஏழாம் மாசத்துல செத்தே பொறந்தான். இவரு அப்ப தர்மபுரிப் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புல. ஆள் அனுப்பிச் சொல்லி, இவரு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, புதைச்சும் ஆச்சு. உள்ள வந்தாரு. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னாரு. "சாப்பிட்டியா"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. நானும் எடுக்கல.

படத்துல அவளுக்கும் அப்படித்தான். புள்ளை போயிடுது, அது தெரியாம பால் சுரக்குது. ஒரு துண்டை எடுத்து மாரை இறுக்கிக் கட்டறா, முடிச்சு அவிழுது, பல்லால ஒரு முனையைக் கடிச்சுக்கிட்டு மறுபடி கட்டறா. சத்தமே கிடையாது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் செய்வா போலிருக்குன்னு நினைச்சேன். நானும் அப்படித்தானே செஞ்சேன். ஆனா அவ புருஷன் லாரி டிரைவர். சேதி தெரிஞ்சதும் ஏத்தின லோடோட லாரியைத் திருப்பறான். மழையில ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறான், உள்ள வர பயப்படறான். அப்புறம் வந்து அவ காலைப் பிடிச்சுக்கிட்டு, "நான் உன் பக்கத்துல இருந்திருக்கணும். இனி நான் எங்க இருந்தாலும் அந்த நாளைக்கு இல்லாதவன்தான்"னு சொல்லிக் கதறறான். தியேட்டர்ல ஆம்பளைங்க அழறாங்க.

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்ப அவளுக்காகப் போயிருக்காரு. எனக்கு "சாப்பிட்டியா". அவளுக்கு இத்தனை வார்த்தை. எந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில எவ காலைப் பிடிச்சாரோ? சொல்லுங்க, ஒரு பொண்டாட்டி இதைக் கேக்காம இருப்பாளா?

என்னம்மா, சாப்பாட்டுல கை வச்சுக்கிட்டு அழறீங்க? காரமா?

சொல்லுங்க. முழுங்காதீங்க. அவ யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சத்தமா சொல்லுங்க.

நானா?

சரிதான். நீங்களுமா. தேன்மொழி இதையேதான் சொன்னா, "அம்மா, லூசா நீ? அது நீதான்மா"ன்னு. ஹேமகலா ஒரு கல்யாணத்துல பாத்து என் காதுல இதையே சொன்னா. இப்ப நீங்க. மூணு பேப்பர்ல ஒரே சேதி ஒரே வார்த்தையில வந்தா என்ன அர்த்தம்? ஒரே ஆளு எழுதிக் குடுத்திருக்காருன்னு அர்த்தம். இதைச் சொல்லத்தான் அனுப்பினாரா உங்களை?

சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. எச்சில் கை.

இருங்க. பேசாதீங்க கொஞ்சம்.

தட்டு, சட்டைப் பை, வளையல். சரி, எந்த வீட்டுலயும் நடக்கறது. நான்னே வச்சுக்கறேன், ஒரு பேச்சுக்கு. அந்தத் துண்டு? அப்ப ரூம்ல யாருமில்ல. எங்க அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாங்க. நர்ஸ் வெளியே. கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. யாருகிட்டயும் நான் சொன்னதில்ல, தேன்மொழிகிட்டகூட. அவரு அப்பதான் வந்து இறங்கி வராந்தா பெஞ்சுல இருந்தாருன்னு அம்மா அப்புறம் சொன்னாங்க. பெஞ்சுலேர்ந்து பாத்தா கட்டில் தெரியாது. எழுந்து வந்து நிலையில நின்னாத்தான் தெரியும்.

நின்னிருப்பாரா?

முடிச்சு அவிழ்ந்தது எனக்கே மறந்துபோச்சு. படத்துல பாத்துத்தான் ஞாபகம் வந்துச்சு.

அப்ப நின்னிருக்காரு. முழுசா பாத்திருக்காரு. அந்தத் துண்டோட நிறம்கூடப் படத்துல சரியா இருக்கு. பாத்துட்டு உள்ள வந்து, சாப்பிட்டியான்னு கேட்டிருக்காரு.

நீ சொல்றது நிஜம்னா என்ன ஆகுதுன்னு யோசிச்சுப் பாத்தியாம்மா? அவருக்கு எல்லாம் தெரியும். அன்னிக்கே தெரியும். அந்த வார்த்தையெல்லாமும் அவர்கிட்டதான் இருந்திருக்கு, எவனோ லாரிக்காரன் வாயில வச்சுச் சொல்ற வரைக்கும். ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுச் சொல்லியிருக்காரு. நானும் டிக்கெட் வாங்கித்தான் கேட்டிருக்கேன். வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு தரம், வேண்டாம், அந்த நிலையில நின்னுக்கிட்டேயாவது ஒரு தரம் சொல்ல வாய் வரல அவருக்கு.

இல்லம்மா. அப்படிப்பட்ட மனுஷன் இல்ல அவரு. என்ன வேணா சொல்லு, அந்த அளவுக்குக் கொடுமைக்காரரு இல்ல. அதுக்கு இன்னொருத்தி இருக்கறது எவ்வளவோ மேல். அந்த வார்த்தையெல்லாம் அவளுக்காவது போய்ச் சேர்ந்திருக்கும்.

மோர் ஊத்திக்கங்க. கையைக் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க? தேன்மொழிக்கு நான் போன் பண்ணிக்கறேன். அவர்கிட்ட நீங்க சொல்லுங்க. திங்கக்கிழமை இங்கயே வரட்டும். கீழ் அறையைக் கழுவி விடறேன், மாடி ஏற வேண்டாம். உப்பில்லாமச் சமைக்கறது எனக்குத் தெரியும்.

ஆனா வெறும் கையோட வரக் கூடாது. பேரோட வரணும். டைப் அடிக்கறவ பேரோ, டீச்சர் பேரோ, செத்துப் போனவளோ, பொறக்காதவளோ, அவரு இஷ்டம். நான்தான்னு மட்டும் சொல்லிட வேண்டாம்னு சொல்லுங்க. வேற எந்தப் பேரைச் சொன்னாலும் நான் நம்பிக்கறேன்.